மோட்டார்ஹோம் ஓட்டும்போது ஜிபிஎஸ்ஸை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி இதுதான்: முதல்முறையாக ஏழு மீட்டர் நீள மோட்டார்ஹோம் (படுக்கை, அடுப்போடு வீடு மாதிரி இருக்கும் வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு இரண்டு வாரம் சுற்றப் போகிறார் ஒருவர். போனில் இருக்கும் மேப் போதுமா, இல்லை தனியாக ஒரு ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா?

போன் மட்டும் போதாது. தனிக் கருவி வாங்கினாலும் முழுசாகப் போதாது. ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், "பார்த்து ஓட்டுங்கள்" என்று ஒரு வரியில் முடித்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "ஜிபிஎஸ் தப்பாகக் காட்டிவிட்டது" என்று நாம் திட்டும்போது பெரும்பாலும் ஜிபிஎஸ் எந்தத் தப்பும் செய்திருக்காது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை வைத்து உங்கள் போன் கண்டுபிடிப்பது நீங்கள் நிற்கும் இடத்தை மட்டும்தான். திறந்த வெளியில் அது ஏறக்குறைய ஐந்து மீட்டருக்குள் சரியாக இருக்கும். (2000 மே மாதம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தது. அதை நிறுத்திய பிறகுதான் காரில் வழிகாட்டி என்பது உருப்படியானது.) எந்த ரோட்டில் போவது, எங்கே திரும்புவது என்பதெல்லாம் மேப் கம்பெனியிடம் இருக்கும் சாலைத் தகவலும், எது சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று கணக்குப் போடும் மென்பொருளும் சேர்ந்து முடிவு செய்வது. அந்தக் கணக்கு காருக்காகப் போட்டது. கூகுள் மேப்ஸிலோ ஆப்பிள் மேப்ஸிலோ "என் வண்டி 3.1 மீட்டர் உயரம், மூன்றரை டன்" என்று சொல்லிவைக்க நான் பார்த்தவரை இடமே கிடையாது. டோல் வேண்டாம், ஹைவே வேண்டாம், படகு வேண்டாம் என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

சரி, காரிலும்தான் மேப் தப்பான வழி காட்டுகிறது, அதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். வித்தியாசம் திரும்புவதில் இருக்கிறது. காரில் தப்பான சந்துக்குள் போனால் ஏதாவது ஒரு வாசலில் மூக்கை நுழைத்து, ரிவர்ஸ் எடுத்து, இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிடலாம். ஏழு மீட்டர் வண்டியில், பின் கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாத நிலையில், அந்த இரண்டு நிமிஷம் ஒரு மணி நேரமாகும், சில சமயம் கிரேன் வரும் வரைக்கும் ஆகும். அதனால் மோட்டார்ஹோம் ஓட்டுபவர் ஒவ்வொரு திருப்பத்திலும் யோசிக்க வேண்டியது, இதில் போனால் திரும்பி வர முடியுமா என்பதைத்தான். வழி சரியா என்பது அதற்கு அப்புறம்.

எனக்கு இது புத்தியில் ஏறிய கதையைச் சொல்கிறேன். இருட்டிக்கொண்டு வந்த நேரம், கேம்ப்சைட் (ராத்திரி வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்) போக இன்னும் அரைமணி நேரம் இருந்தது. ஹைவேயில் முன்னால் நெரிசல். "ஆறு நிமிடம் மிச்சமாகும்" என்று போன் ஒரு கிளைச் சாலையைக் காட்ட, நானும் யோசிக்காமல் திருப்பிவிட்டேன். முதல் ஒரு கிலோமீட்டர் அருமையான ரோடு. அப்புறம் நடுக்கோடு காணாமல் போனது, கொஞ்ச தூரத்தில் இரண்டு பக்கமும் கல்சுவர் வந்தது, பிறகு செடி கொடியெல்லாம் பக்கவாட்டுக் கண்ணாடியை அடிக்க ஆரம்பித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான், "மாமா, அங்க ஒரு போர்டு இருந்துச்சு, என்னன்னு பாக்கறதுக்குள்ள தாண்டிட்டோம்" என்றான். நான் காதில் வாங்கவில்லை, போனின் குரல் "நேராகச் செல்லவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. வளைவு திரும்பியதும் எதிரே ரயில் பாலம், செங்கல் வளைவு, மேலே வட்டப் பலகையில் 2.7 என்று எழுதியிருந்தது. எங்கள் வண்டியின் உயரம் 3.05 மீட்டர்.

நானூறு மீட்டர் ரிவர்ஸ். மச்சான் டார்ச்சை வைத்துக்கொண்டு பின்னால் நடந்து வர, மனைவி முன்பக்கம் இறங்கி நின்று சுவரைப் பார்க்க, பின்னால் வந்த இரண்டு கார்க்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டு அவர்களையும் பின்வாங்க வைத்து, ஐம்பது நிமிஷம் ஆனது. பின் சக்கரத்துக்குப் பின்னாலேயே வண்டி இரண்டு மீட்டர் நீட்டிக்கொண்டிருந்ததை நான் மறந்தே போய்விட்டேன். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அதிகமாக ஒடித்ததும் அந்த வால் சுவரில் உரசிப் பின்விளக்கு ஒன்று போனது. மிச்சம் பிடித்தது ஆறு நிமிஷம்.

அந்தப் போர்டு பாலத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே, அகலமான முச்சந்தியில், நிதானமாகத் திரும்பக்கூடிய இடத்தில் நின்றது. சாலை போட்டவர்கள் எச்சரிக்கையைச் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறார்கள். என் காதுதான் வேறு பக்கம் இருந்தது.

மனிதர் கவனம் எப்படியெல்லாம் கைவிடும் என்பதற்கு அமெரிக்காவின் வட கரோலினாவில் டர்ஹாம் நகரத்து ரயில் பாலம் ஒன்றே போதும். 11 அடி 8 அங்குலம் என்ற உயரத்தாலேயே உலகப் புகழ் பெற்றது. வாடகை லாரியும் மோட்டார்ஹோமும் வந்து கூரையை உரித்துக்கொண்டு போகும் காட்சிகள் 2008 முதல் கேமராவில் பதிவாகி வருகின்றன. உயரமான வண்டி வந்தால் சென்சார் கண்டுபிடித்து, "உயரம் அதிகம், திரும்பு" என்று பலகையை ஒளிரவிட்டு, சிக்னலையும் சிவப்பாக்கும் ஏற்பாடு வந்த பிறகும் மோதல் நிற்கவில்லை. 2019-ல் பாலத்தையே எட்டு அங்குலம் தூக்கி 12 அடி 4 அங்குலமாக்கினார்கள், அதற்குப் பிறகும் மோதினார்கள். எல்லாவற்றுக்கும் ஜிபிஎஸ்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தன் வண்டியின் உயரமே தெரியாதவர்கள் அதில் நிறைய.

அந்த உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். விளம்பரத் தாளில் போட்டிருக்கும் உயரத்தில் கூரை மேல் பிறகு வைத்த ஏசி, சாட்டிலைட் டிஷ், காற்றுத் துவாரத்தின் மூடி, சோலார் தகடு எதுவும் சேர்ந்திருக்காமல் இருக்கலாம். நீங்களே அளந்துவிடுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கூரையில் மிக உயரமான பொருளின் மேல் ஒரு நேரான பலகையைக் கிடையாக வைத்து, ஓரத்திலிருந்து தரைவரை டேப் பிடித்தால் வேலை முடிந்தது. அதோடு பதினைந்து, இருபது சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். கிடைத்த எண்ணை மீட்டரிலும் அடி அங்குலத்திலும் ஒரு துண்டு டேப்பில் எழுதி, டிரைவர் கண்ணுக்கு நேரே, வெயில் மறைப்புப் பலகையில் ஒட்டுங்கள். 3.2 மீட்டர் என்றால் 10 அடி 6 அங்குலம். பாலம் எதிரே வரும்போது மனக்கணக்குப் போடுகிற தைரியம் எனக்குக் கிடையாது. கருவியில் அடிக்கும்போதும் ஒரு கண்ணி இருக்கிறது. 11 அடி 10 அங்குலத்தை 11.10 என்று அடித்துவிட்டால், தசமமாகப் படிக்கும் கருவி அதை ஏறக்குறைய 11 அடி 1 அங்குலம் என்று எடுத்துக்கொள்ளும், உங்கள் தலைக்கு மேல் ஒன்பது அங்குலம் கணக்கில் வராமலே போய்விடும்.

பாலத்தில் எழுதியிருக்கும் எண்ணும் சும்மா அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடியது இல்லை. வளைவுப் பாலத்தில் நடுவில் இருக்கும் உயரம் ஓரத்தில் இருக்காது, மோட்டார்ஹோமோ பெட்டி மாதிரி, மேல் மூலைதான் முதலில் இடிக்கும். அதனால் எதிரே வண்டி இல்லாதபோது நடு ரோட்டைப் பிடித்துப் போக வேண்டியிருக்கும். அதேபோல, சாலை பள்ளமாக இறங்கி ஏறுகிற இடத்தில் பாலம் இருந்தால், முன் சக்கரமும் பின் சக்கரமும் இரண்டு பக்க மேட்டில் இருக்க, வண்டியின் நடுக்கூரை நீங்கள் அளந்த உயரத்தைவிட மேலே நிற்கும். நீளமான வண்டிக்கு இது நிஜமான பிரச்சினை. பழைய ரோட்டின் மேல் புதுத் தார் போட்டிருந்தாலோ, பனி இறுகிக் கிடந்தாலோ இடைவெளி இன்னும் கொஞ்சம் குறையும். எந்த மேப்பிலும் இதெல்லாம் ஏறாது.

இதைவிட மோசமான தருணம் ஒன்று உண்டு. ஒரு திருப்பத்தைத் தவறவிட்டதும் போன் உடனே புது வழி போடுமே, அதுதான். அதன் நோக்கமெல்லாம் உங்களைச் சீக்கிரம் பழைய பாதைக்குக் கொண்டுவருவது, அதற்கு அது தேர்ந்தெடுப்பது அடுத்து வரும் முதல் சந்து, முதல் குடியிருப்புத் தெரு. நீங்களும் தவறவிட்ட பதற்றத்தில் இருப்பீர்கள், பின்னால் ஒருவர் ஹாரன் அடிப்பார், கை தானாகவே திருப்பிவிடும். என் பழக்கம், தவறவிட்டால் விட்டதுதான், பெரிய ரோட்டிலேயே அடுத்த பெரிய சந்திப்பு வரை போவது. பத்து கிலோமீட்டர் கூடினால் கூடட்டும். செட்டிங்கில் தானாகப் பாதை மாற்றுவதை நிறுத்த முடிந்தால் நிறுத்திவையுங்கள். கேட்டுவிட்டு மாற்றுகிற மாதிரி வைத்தாலும் சரி.

அந்த ஐந்து மீட்டர் பிழையை நினைவு வைத்துக்கொள்ளுங்கள். ஹைவேயில் ஒரு லேனின் அகலம் சுமார் மூன்றரை மீட்டர்தான். மெயின் ரோடும் சர்வீஸ் ரோடும் ஒட்டி ஓடும் இடத்தில் நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்பது போனுக்கே சந்தேகம்தான். உயரமான கட்டடங்களுக்கும் செங்குத்தான மலைச்சுவர்களுக்கும் நடுவே சிக்னல் பட்டுத் தெறித்து வரும், அப்போது இன்னும் மோசம். சுரங்கப்பாதைக்குள் அதுவும் இல்லை. ஆகவே பிரிவு வரும் இடத்தில் குரலை விட்டுவிட்டுத் தலைக்கு மேல் இருக்கும் பலகையைப் படியுங்கள். திரையைக் குனிந்து பார்ப்பதும் சின்ன விஷயமில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் போகிறது, இரண்டு வினாடி குனிந்தால் 44 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதாகக் கணக்கு.

உயரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மற்றவை விட்டுப்போகும். அமெரிக்காவின் மொன்டானாவில், கிளேசியர் தேசியப் பூங்காவின் கோயிங்-டு-த-சன் சாலையில், அவலாஞ்ச் கேம்ப்சைட்டுக்கும் ரைசிங் சன்னுக்கும் நடுவே பம்பரோடு சேர்த்து 21 அடிக்கு மேல் நீளமான வண்டியும், பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமான வண்டியும் போகக்கூடாது. கார் மேப்புக்கு அது அழகான மலைச்சாலை, அவ்வளவுதான். ஏழு மீட்டர் வண்டி கிட்டத்தட்ட 23 அடி. பின்னால் சைக்கிள் மாட்டியிருந்தால் அதுவும் நீளத்தில் சேரும். அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் துறைமுகத்துக்கு அடியில் போகும் சுரங்கச் சாலைகளில் 10 பவுண்டுக்கு (சுமார் நாலரை கிலோ) மேல் கொள்ளும் புரொப்பேன் எரிவாயு சிலிண்டரோடு போக அனுமதி இல்லை, மோட்டார்ஹோமில் அடுப்புக்கும் ஹீட்டருக்கும் இருக்கும் சிலிண்டர் பெரும்பாலும் அதைவிடப் பெரிது. அங்கே மாற்றுவழியாக இருந்த கீ பாலம் 2024 மார்ச்சில் கப்பல் மோதி விழுந்துவிட்டது, அதன்பின் அந்த வண்டிகள் சுற்றுச்சாலையின் மேற்குப் பக்கமாகப் போக வேண்டியதாயிற்று. பாலம் இல்லை என்பது எந்த மேப்புக்கும் தெரிந்துவிடும், உங்களிடம் சிலிண்டர் இருப்பது தெரியாதே. அப்புறம் எடை. கிராமத்துச் சின்னப் பாலங்களில் எடை வரம்புப் பலகை இருக்கும். நூறு லிட்டர் தண்ணீர் நிரப்பினால் நூறு கிலோ கூடிவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மலை இறக்கம் தனி விஷயம். தூரம் குறைவு என்று மேப் கணவாய் வழியாக அனுப்பிவிடும், சரிவு எவ்வளவு என்று ஒரு வார்த்தை சொல்லாது. மூன்றரை டன் வண்டியைக் கொண்டை ஊசி வளைவுகளில் வெறும் பிரேக்கை வைத்தே இறக்கினால் பிரேக் சூடாகிப் பிடிப்பு குறையும், எரிந்த வாடை வரும். கீழ் கியரில் இறக்க வேண்டும், அதைவிட முந்தின நாளே நிலப்பரப்பு மேப்பில் பார்த்து வேறு வழி எடுப்பது உத்தமம்.

போய்ச் சேரும் இடத்தின் புள்ளியும் ஏமாற்றும். கேம்ப்சைட் என்று தேடினால் சில மேப்பில் புள்ளி அந்த இடத்தின் நட்ட நடுவில் விழுந்திருக்கும், அதற்கு மிக அருகில் போகும் ரோடு பின்பக்கத்துப் பூட்டிய கேட்டில் முடியும். கேம்ப்சைட்காரர்களின் இணையதளத்தில் "எப்படி வருவது" என்ற பகுதியைப் படியுங்கள். "கடைசிப் பகுதியில் ஜிபிஎஸ் சொல்வதைக் கேட்காதீர்கள்" என்று எழுதியிருந்தால், பல வண்டிகள் சிக்கிய பிறகுதான் எழுதியிருப்பார்கள். அட்சரேகை எண்களை அடிப்பதாக இருந்தால் வடிவத்தைக் கவனியுங்கள்: 45 பாகை 30 நிமிடம் என்பது 45.5, அதை 45.30 என்று அடித்தால் சுமார் 22 கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள்.

ஊரே இடம் மாறிய கதையும் உண்டு. 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலக் காவல்துறை, மில்டுரா போகிறவர்கள் ஆப்பிள் மேப்ஸை நம்ப வேண்டாம் என்று அறிக்கை விட்டது. அந்த மேப் நகரத்தைச் சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி மர்ரே-சன்செட் தேசியப் பூங்காவுக்குள் காட்ட, தண்ணீர் கிடைக்காத, 46 டிகிரி வரை வெயில் அடிக்கிற அந்த இடத்தில் வண்டிகள் சிக்கின. பிழையைப் பிறகு திருத்திவிட்டார்கள். கலிஃபோர்னியாவின் டெத் வேலி பாலைவனத் தேசியப் பூங்காவின் காவலர்கள் "ஜிபிஎஸ்ஸால் சாவு" என்றே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பழைய சுரங்கத் தடங்களும் கைவிட்ட மண்பாதைகளும் மேப்பில் ரோடாகவே இருந்ததால் வந்த சொல் அது. வாடகை வண்டிக்கு இதில் இன்னொரு சிக்கல், பல ஒப்பந்தங்களில் மண் ரோட்டில் போகக்கூடாது என்று இருக்கும், கூரைச் சேதமும் அடிப்பாகச் சேதமும் காப்பீட்டில் வராமல் இருக்கலாம். கையெழுத்துப் போடும் முன் அந்த இரண்டு வரியையும் தேடிப் படியுங்கள்.

இனி தனிக் கருவி. கார்மின், டாம்டாம் இரண்டிலும் கேம்பர் வண்டிக்கென்றே மாடல்கள் உண்டு, உயரம், அகலம், நீளம், எடை கொடுத்தால் அதற்கேற்ற வழி போடும். வண்டியின் உயரம் மூன்று மீட்டரைத் தாண்டினால் கண்டிப்பாக வாங்கலாம், அல்லது இதே வசதியுள்ள செயலி ஒன்றைப் போனில் போடலாம். ஆனால் அதற்குத் தெரிந்ததெல்லாம் தகவல் தளத்தில் யாரோ ஏற்றி வைத்ததுதான். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை நம்பி ஓடும் செயலிகளில், ஒரு பாலத்தின் உயரத்தை யாரும் பதிவு செய்யாவிட்டால் பெரும்பாலும் அது தடையில்லாத பாலம் என்றுதான் கணக்கு. பெட்ரோல் பங்க் கூரை, கார் பார்க்கிங் வாசலில் தொங்கும் குறுக்குக் கம்பி, தாழ்ந்த மரக்கிளை, இதெல்லாம் எதிலும் இருக்காது, மோட்டார்ஹோம் கூரைக்கு அன்றாட எதிரி இவைதான். இன்னொன்று, என் கருவியில் ஒருமுறை மேப் அப்டேட் போட்டதும் வண்டி விவரம் சத்தமில்லாமல் "கார்" என்று மாறிவிட்டது. ஒரு நாள் முழுக்கத் தெரியாமல் ஓட்டியிருக்கிறேன். அதிலிருந்து காலையில் சாவி போட்டதும் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன்.

நான் இப்போது செய்வது இதுதான். முந்தின நாள் ராத்திரி மறுநாள் பாதையைப் பெரிய திரையில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பேன். நடுவில் இருக்கும் ஹைவேயைப் பற்றிக் கவலையில்லை, ஹைவேயை விட்டு இறங்கி கேம்ப்சைட் வரைக்குமான கடைசி ஐந்து, பத்து கிலோமீட்டரை மட்டும் தெருப் படங்களில் அடி அடியாகப் பார்ப்பேன், படம் எடுத்த வருஷத்தையும் சேர்த்து. நடுவில் தாண்டும் ஊர்ப் பெயர்களையும் சாலை எண்களையும் ஒரு தாளில் எழுதி மச்சான் கையில் கொடுத்துவிடுவேன். குரல் சொல்வதும் தாளில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் அவன் "மாமா, நிறுத்துங்க" என்பான், விவாதமே இல்லாமல் அகலமான இடத்தில் ஓரம் கட்டிவிடுவேன். மேப்பை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்வேன், மலையில் டேட்டா போனால் இருக்கும் இடம் தெரியும், சுற்றி வெறும் சாம்பல் நிறம்தான் இருக்கும். கண்ணாடி ஓரத்தில் வெயில்படும்படி வைத்த போன் சூடாகி அணைந்துபோவதும் உண்டு, அதற்காகவே ஒரு காகித மேப். போய்ச் சேரும் நேரம் என்று போன் காட்டுவதோடு கால்வாசி கூட்டிக்கொள்வேன், அதனால் எப்போதும் வெளிச்சத்திலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறோம். இருட்டும் அவசரமும் சேர்ந்த நேரத்தில்தான் அந்தக் கல்சுவர்ச் சந்துக்குள் போனேன்.

இவ்வளவுக்கும் மேல் சிக்கிக்கொண்டால்? ரோடு ஒடுங்க ஆரம்பிக்கும் முதல் இடத்திலேயே நின்றுவிடுங்கள், "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம்" என்பதுதான் ரிவர்ஸ் தூரத்தை நீட்டுவது. ஹசார்டு லைட்டைப் போட்டுவிட்டு, ஒருவர் இறங்கி முன்னால் நடந்து பார்த்து வரட்டும். ரிவர்ஸ் எடுப்பதாக இருந்தால் பின்னால் நிற்பவர் உங்கள் பக்கக் கண்ணாடியில் எப்போதும் தெரிய வேண்டும், தெரியாத நொடியில் பிரேக். ஆள் தெரியாமல் சத்தத்தை மட்டும் நம்பி ஒரு அடிகூட நகர்த்தாதீர்கள். போக்குவரத்து சேர்ந்துவிட்டால் கூச்சப்படாமல் போலீசைக் கூப்பிடுங்கள், அவர்கள் பின்னால் இருக்கும் வண்டிகளை நிறுத்தித் தருவார்கள். முக்கியமாக, அந்தக் குரலை முதலில் அணைத்துவிடுங்கள். நாங்கள் அன்று ரிவர்ஸ் எடுத்த ஐம்பது நிமிஷமும் "முடிந்தால் திரும்பவும், முடிந்தால் திரும்பவும்" என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது.